கிரவுண்டைப் பிளப்பதால் இரைச்சல் தீராது

சர்க்யூட் போர்டில் ஒரு டிராக்கில் ஓடும் சிக்னல், பக்கத்து டிராக்கைத் தொடாமலேயே அதில் தன் சாயலைப் பதித்துவிடுகிறது. இதைக் குறுக்குப்பேச்சு என்கின்றன பாடநூல்கள். வடிவமைப்பாளர்கள் கிராஸ்டாக் என்கிறார்கள். அந்தச் சாயல் மூன்று வழிகளில் வந்து சேர்கிறது. இரண்டு டிராக்குகளுக்கு நடுவே இருக்கும் மிகச் சிறிய கெபாசிடன்ஸ் வழியாக மின்புலம் தாவுவது ஒன்று. ஒரு சுற்றின் காந்தப்புலம் இன்னொரு சுற்றுக்குள் நுழைவது இரண்டாவது. இரண்டு மின்னோட்டங்கள் ஒரே செம்பைப் பகிர்ந்துகொள்ள, ஒன்றால் எழும் மின்னழுத்த வீழ்ச்சி மற்றதன் கணக்கில் ஏறிவிடுவது மூன்றாவது. டிஜிட்டல் சிக்னல் சில நூறு மில்லிவோல்ட் கலங்கினாலும் பூஜ்ஜியம் பூஜ்ஜியமாகவே படிக்கப்படும். அனலாக் சிக்னலுக்கு அந்தச் சலுகை கிடையாது. அனலாக் சிக்னலை எண்ணாக மாற்றும் சிப் ஏடிசி. 3.3 வோல்ட்டில் இயங்கும் 12 பிட் ஏடிசியில் ஒரு படி என்பது 0.8 மில்லிவோல்ட். அதற்கு மேல் கலந்தது எதுவானாலும் அளவீட்டில் பொய்யாக வந்து நிற்கும்.

இந்த நோய்க்குக் கல்லூரி ஆய்வகத்திலும் வடிவமைப்புக் கூடத்திலும் கைமாறிக் கைமாறி வரும் மருந்து ஒன்று உண்டு: அனலாக் கிரவுண்ட் தனி, டிஜிட்டல் கிரவுண்ட் தனி, நடுவில் செம்பை வெட்டிப் பிளவு விடு, இரண்டையும் ஒரே ஒரு இடத்தில் மட்டும் சேர். பிளவைப் பார்க்காவிட்டால் போர்டைச் சரிபார்ப்பவரே குறை சொல்லும் அளவுக்கு இது விதியாகிவிட்டது. மிகப் பெரும்பாலான போர்டுகளுக்கு இந்த விதி தவறு. நன்றாக அமைத்த போர்டில் பிளவுக்கு வேலை இல்லை. மோசமாக அமைத்த போர்டில் அது நோயை வளர்க்கிறது. குறுக்குப்பேச்சைக் குறைப்பவை உறுப்புகளை வைக்கும் இடம், அடியில் முழுதாக விரிந்த கிரவுண்ட் தளம், அந்தத் தளத்தோடு டிராக்குக்கு இருக்கும் நெருக்கம் ஆகியவையே.

இந்த விதி முட்டாள்தனத்தில் பிறந்தது அல்ல. வால்வு ஆம்பிளிஃபையர் காலத்தில் கிரவுண்ட் என்பது கம்பி. ஸ்பீக்கருக்குப் போகும் ஆம்பியர் கணக்கான மின்னோட்டமும் மைக்கிலிருந்து வரும் மில்லிவோல்ட் சிக்னலும் ஒரே கம்பியில் திரும்பினால் ரீங்காரம் எழும். ஒவ்வொன்றையும் தனிக் கம்பியில் கொண்டுவந்து ஒரே புள்ளியில் சேர்த்ததும் ரீங்காரம் அடங்கியது. ஒருபக்கச் செம்பு மட்டும் இருந்த பழைய போர்டுகளிலும் கிரவுண்ட் ஒரு மெல்லிய டிராக்தான். அங்கும் இந்த முறை பலித்தது. பின்னர் ஏடிசி சிப்புகள் ஏஜிஎன்டி, டிஜிஎன்டி என்று இரண்டு பின்களோடு வந்தன. சிப்பிலேயே இரண்டு கிரவுண்ட் என்றால் போர்டிலும் இரண்டு வேண்டும் என்று எல்லோரும் படித்துக்கொண்டார்கள். அந்தப் பெயர்கள் சொல்வது சிப்பின் உள்விவரத்தை. சிலிக்கானிலிருந்து பின்னுக்கு வரும் மெல்லிய கம்பியில் டிஜிட்டல் மின்னோட்டமும் அனலாக் மின்னோட்டமும் கலக்கக் கூடாது என்பதற்காக உள்ளே இரண்டு கம்பிகள் விட்டிருக்கிறார்கள். வெளியே இரண்டு பின்களையும் மிகக் குறுகிய தூரத்தில் ஒரே அனலாக் கிரவுண்ட் தளத்தில் சேர்க்க வேண்டும் என்பதையே அனலாக் டிவைசஸ் நிறுவனத்தின் வால்ட் கெஸ்டர் எழுதிய வழிகாட்டிக் கட்டுரைகளும் வலியுறுத்துகின்றன. பின்னின் பெயரைப் பார்த்துப் போர்டை வெட்டியவர்கள் அந்த வரியைத் தவறவிட்டார்கள்.

விதியின் அடியில் கிடக்கும் பிழை, திரும்பும் மின்னோட்டத்தைப் பற்றியது. ஒரு டிராக்கில் போகும் மின்னோட்டம் கிரவுண்ட் வழியாகத் திரும்பியே ஆக வேண்டும். முழுத் தளம் இருந்தால் அது கண்டபடி பரவி அனலாக் பகுதிக்குள்ளும் அலையும் என்பது பிளவு ஆதரவாளர்களின் அச்சம். நேர் மின்னோட்டத்துக்கும் சில கிலோஹெர்ட்ஸ் வரையிலான மின்னோட்டத்துக்கும் அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. அது ரெசிஸ்டன்ஸ் குறைந்த வழியைத் தேடிப் பரவும். அதிர்வெண் ஏற ஏற நிலைமை மாறுகிறது. மின்னோட்டம் இண்டக்டன்ஸ் குறைந்த வழியைத் தேடுகிறது. அந்த வழி டிராக்கின் நேர் அடியில் இருக்கிறது. டிராக்குக்கும் தளத்துக்கும் உள்ள உயரத்தை 1 என்று கொண்டால், இருபுறமும் 3 மடங்கு தூரத்துக்குள் திரும்பும் மின்னோட்டத்தில் ஏறக்குறைய 80 விழுக்காடு அடங்கிவிடும். 10 மடங்கு தூரத்துக்குள் 94 விழுக்காடு. நாலு அடுக்குப் போர்டில் அந்த உயரம் 0.2 மில்லிமீட்டர் அளவுக்கு இருக்கும். ஆக, டிஜிட்டல் டிராக்கின் திரும்பும் மின்னோட்டம் அதன் அடியில் ஒன்றேகால் மில்லிமீட்டர் அகலப் பட்டையிலேயே பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. இரண்டு அங்குலம் தள்ளி இருக்கும் அனலாக் பகுதியை அது எட்டிப் பார்ப்பதில்லை. பிரிக்கும் வேலையை இயற்பியல் முன்பே செய்து முடித்திருக்கிறது. செம்பை வெட்டுகிறவர் பிரிந்திருப்பதைப் பிரிக்கிறார்.

வெட்டுவதால் வேறொன்று நடக்கிறது. வரப்பு வழியே நேராகப் போய்வந்த ஆளுக்கு நடுவில் வரப்பை வெட்டிவிட்டால், அவர் வயலைச் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். பிளவைத் தாண்டி ஒரு டிராக் போனால் அதன் திரும்பும் மின்னோட்டத்துக்கும் அதே கதிதான். போகும் வழி நேராக இருக்க, வரும் வழி பிளவின் முனையைச் சுற்றி, இரண்டு கிரவுண்டுகளையும் சேர்க்கும் பாலத்தில் ஏறி வருகிறது. இரண்டுக்கும் இடையே அடைபடும் பரப்பு பலமடங்கு பெருகுகிறது. அந்தப் பரப்புதான் ஆன்டெனா: வெளியே ஒலிபரப்பவும் செய்யும், வெளியிலிருந்து வாங்கவும் செய்யும். இரண்டு டிராக்குகள் ஒரே பிளவைத் தாண்டினால் இரண்டின் திரும்பும் மின்னோட்டமும் பிளவின் ஒரே விளிம்பில் நெருக்கியடித்து ஓடுகிறது. ஒன்றின் காந்தப்புலம் மற்றதன் சுற்றுக்குள் முழுதாக நுழைகிறது. குறுக்குப்பேச்சைத் தடுக்க வெட்டிய பிளவே குறுக்குப்பேச்சுக்கு வாய்க்காலாகிறது.

பிளவை ஆதரிப்பவர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள்: டிராக் எதுவும் பிளவைத் தாண்டக் கூடாது, எல்லாம் பாலத்தின் மேல்தான் போக வேண்டும். பதில் சரியானது, ஆனால் அவர்களுடைய வாதத்தை அதுவே முடித்துவிடுகிறது. டிஜிட்டல் டிராக் ஒன்றுகூட அனலாக் பகுதிக்குள் போகாமல், அனலாக் டிராக் ஒன்றுகூட டிஜிட்டல் பகுதிக்குள் போகாமல் இழுத்துவிட்டால், பிளவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் திரும்பும் மின்னோட்டங்கள் அந்தந்தப் பகுதியிலேயே நிற்கும். அப்படியானால் பிளவு தடுத்தது எதை? மின்காந்த இணக்கம் பற்றி நெடுங்காலம் எழுதிய ஹென்றி ஆட் 2001-இல் வெளியான கட்டுரையில் இந்த இடத்தைத்தான் பிடித்தார்: தளத்தைப் பிளக்க வேண்டாம், உறுப்புகளைப் பகுதி பிரித்து வைத்து டிராக்குகளை அந்தக் கட்டுப்பாட்டோடு இழுத்தால் போதும். ஒரே போர்டில் இரண்டு ஏடிசி வந்துவிட்டால் பிளவு விதி தானாகவே உடைகிறது. இரண்டின் அடியிலும் பாலம் வேண்டும். பாலம் இரண்டானால் "ஒரே புள்ளி" என்ற பேச்சுக்கு இடமில்லை.

கோட்பாட்டை ஒரு போர்டில் வைத்துப் பார்க்கலாம். செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடையில், மேல்சித்தாமூர் போன்ற ஊர்களில் நெல்லும் மணிலாக் கடலையும் கிணற்றையும் போர்வெல்லையும் நம்பி இருக்கின்றன. மும்முனை மின்சாரம் நெடுங்காலம் எந்நேரமும் வந்ததில்லை. வரும் நேரம் நடுராத்திரியானாலும் மோட்டாரைப் போட வேண்டியிருந்தது. அதனால் செல்போனில் அழைத்து இயக்கும் ஸ்டார்ட்டர் தமிழகத்து மோட்டார் கொட்டகைகளில் பரவியிருக்கிறது. அந்தப் பெட்டிக்குள் இருக்கும் போர்டு, அனலாக்கும் டிஜிட்டலும் ஒரே குடிசையில் வாழ்வதற்குக் கச்சிதமான உதாரணம். ஒவ்வொரு பேஸிலும் மின்னோட்டத்தை அளக்க ஒரு சி.டி. (கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) காயில், அதன் சிக்னலைப் படிக்கும் மைக்ரோகண்ட்ரோலர், காண்டாக்டரை இழுக்கும் ரிலே, சிம் போட்ட மாட்யூல் எல்லாம் ஒரு கை அகலத்துக்குள் அடங்கியிருக்கும். ஒரு பேஸ் போனாலும் கிணற்றில் தண்ணீர் வற்றினாலும் மோட்டாரை உடனே நிறுத்துவது சி.டி. அளவீட்டை நம்பியே நடக்கிறது. அளவு பொய்த்தால் மோட்டாரின் காயில் புகையும், அல்லது ஓட வேண்டிய மோட்டார் நின்றுவிடும்.

5 எச்.பி. மோட்டார் முழுச் சுமையில் பேஸுக்கு ஏறக்குறைய 7.5 ஆம்பியர் எடுக்கும். 1000-க்கு 1 என்ற சி.டி. அதை 7.5 மில்லிஆம்பியராக்கும், 100 ஓம் பர்டன் ரெசிஸ்டரில் அது 0.75 வோல்ட். ஆக, லைனில் ஓடும் ஒரு ஆம்பியர் ஏடிசிக்கு 100 மில்லிவோல்ட்டாகத் தெரிகிறது. இதே போர்டில் இருக்கும் 2ஜி மாட்யூல் பேசும்போது 4.6 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை, 0.577 மில்லிசெகண்ட் நேரத்துக்கு 2 ஆம்பியர் வரை இழுக்கும். வினாடிக்கு 217 தடவை இது நடக்கும். 2ஜி போன் பக்கத்தில் இருக்கும்போது ரேடியோவில் கேட்கும் டர்ர்ர் சத்தம் இதுதான்.

விதியைப் பின்பற்றியவர் போர்டை இப்படி அமைத்திருப்பார்: சி.டி. இணைப்பும் பவர் சப்ளை இணைப்பும் பெட்டியின் ஒரே ஓரத்தில் இருப்பதால் அந்தப் பக்கம் அனலாக் கிரவுண்ட், மைக்ரோகண்ட்ரோலரும் சிம் மாட்யூலும் மறுபக்கம் டிஜிட்டல் கிரவுண்ட், நடுவே பிளவு, இரண்டையும் சேர்க்க ஒரு ஃபெரைட் பீட். மாட்யூலின் 2 ஆம்பியரும் சப்ளைக்குத் திரும்ப வேறு வழியில்லாமல் அந்தப் பீட் வழியாகவே போக வேண்டும். பீட் மெகாஹெர்ட்ஸ் கணக்கில்தான் தடுக்கும். 217 ஹெர்ட்ஸுக்கு அது வெறும் ரெசிஸ்டர். அதன் நேர் ரெசிஸ்டன்ஸ் 0.1 ஓம் என்றால் ஒவ்வொரு துடிப்பிலும் இரண்டு கிரவுண்டுகளுக்கும் இடையே 200 மில்லிவோல்ட் எழும். பர்டன் ரெசிஸ்டர் ஒரு கரையில், ஏடிசி மறுகரையில். அந்த 200 மில்லிவோல்ட் சி.டி. சிக்னலோடு சேர்ந்து 2 ஆம்பியர் பொய் மின்னோட்டமாகப் படிக்கப்படும். விவசாயி போன் போட்டு மோட்டாரைக் கேட்கும் அந்த நொடியில்தான், மாட்யூல் பேசிக்கொண்டிருப்பதால், அளவு மிக மோசமாகப் பொய் சொல்லும்.

பிளவையும் பீட்டையும் எடுத்துவிட்டு, மாட்யூலைச் சப்ளை இணைப்பை ஒட்டி நகர்த்தினால் கணக்கு மாறுகிறது. 35 மைக்ரான் செம்புத் தளத்தின் ஒரு சதுரத்துக்கு ரெசிஸ்டன்ஸ் அரை மில்லிஓம். சதுரம் பெரிதானாலும் சிறிதானாலும் அதே அளவுதான். 2 ஆம்பியர் முழுவதும் பர்டனுக்கும் ஏடிசிக்கும் நடுவே ஒரு சதுரத்தைக் கடந்தாலும் எழுவது 1 மில்லிவோல்ட், பொய் 0.01 ஆம்பியர். மாட்யூல் சப்ளை மூலையிலேயே இருப்பதால் அந்த ஓட்டம் சி.டி. பக்கம் வருவதற்கே காரணமில்லை. இருநூறில் ஒரு பங்காகப் பொய் குறைந்தது. அதற்காக ஒரு உறுப்பும் கூடுதலாக வாங்கவில்லை, ஒரு உறுப்பு மிச்சம்.

பிளவோடு சேர்ந்து வரும் துணை விதிகளும் இதே குறையோடு இருக்கின்றன. டிராக்குகளின் மையத்துக்கு மையம் டிராக் அகலத்தைப் போல் மூன்று மடங்கு தூரம் விட்டால் போதும் என்பது ஒன்று. ஹோவர்ட் ஜான்சனும் மார்ட்டின் கிரகாமும் 1993-இல் வெளியிட்ட அதிவேக டிஜிட்டல் வடிவமைப்பு நூல் தரும் எளிய அளவுகோல்படி, இணைப்பின் வலிமை டிராக்குகளின் இடைத்தூரத்துக்கும் தளத்திலிருந்து உள்ள உயரத்துக்கும் இடையிலான விகிதத்தைப் பொறுத்தது. 0.25 மில்லிமீட்டர் டிராக்குகள் 0.75 மில்லிமீட்டர் தள்ளி இருக்கின்றன என்று கொள்ளலாம். தளம் 1.5 மில்லிமீட்டர் கீழே இருக்கும் இரண்டு அடுக்குப் போர்டில் அந்த அளவுகோல் 0.8 காட்டும், தளம் 0.2 மில்லிமீட்டர் கீழே இருக்கும் நாலு அடுக்குப் போர்டில் 0.066 காட்டும். ஒரே விதியைப் பின்பற்றிய இரண்டு போர்டுகளுக்கு நடுவே பன்னிரண்டு மடங்கு வித்தியாசம். உயரத்தைச் சொல்லாத விதி அரைகுறை விதி.

நடுவில் ஒரு கிரவுண்ட் டிராக்கைக் காவலுக்கு இழுப்பது இன்னொன்று. அடியில் நெருக்கமான தளம் இருக்கும்போது, காவல் டிராக்குக்காக விட்ட இடைவெளியே வேலையின் பெரும்பகுதியைச் செய்துவிடுகிறது. டிராக் சேர்ப்பது சொற்பம். அதைத் தளத்தோடு வயாக்களால், அதாவது அடுக்குகளை இணைக்கும் செம்புத் துளைகளால், தைக்காமல் விட்டால் அதுவே சிக்னலைச் சுமந்து மறுபக்கம் கொடுக்கும். காவல் வளையம் மெய்யாகவே தேவைப்படும் இடம் வேறு: பி.எச். மின்வாய் போல நூற்றுக்கணக்கான மெகாஓம் உள்ள சிக்னலுக்கு, ஈரத்தில் போர்டின் மேற்பரப்பு வழியே கசிவு ஏற்படும். அங்கே வளையத்தைக் கிரவுண்டில் கட்டாமல், சிக்னலின் அதே மின்னழுத்தத்தில் ஓட்ட வேண்டும்.

மென்பொருளில் சராசரி எடுத்தால் சரியாகிவிடும் என்பது மூன்றாவது. தாறுமாறான இரைச்சல் சராசரியில் அடங்கும். ஒழுங்காகத் துடிக்கும் இரைச்சல் அடங்காது. மேலே சொன்ன 200 மில்லிவோல்ட் துடிப்பின் நேர்ப்பகுதியைக் கழித்த பிறகும் ஏறக்குறைய 66 மில்லிவோல்ட் ஆர்.எம்.எஸ். மிஞ்சும். ஒரு பேஸ் அறுந்து மின்னோட்டமே இல்லாத நேரத்தில் அது 0.66 ஆம்பியர் ஓடுவதாகச் சொல்லும்.

மின்புலம் வழியே தாவுவதைத் தடுக்கவும் பிளவுக்குத் திறமில்லை. 5 நானோசெகண்டில் 3.3 வோல்ட் ஏறும் டிஜிட்டல் டிராக்குக்கும் 10 கிலோஓம் உள்ள அனலாக் டிராக்குக்கும் நடுவே 1 பிகோஃபாரட் இருக்கிறது, அனலாக் முனையில் கிரவுண்டுக்கு 10 பிகோஃபாரட் இருக்கிறது என்றால், அங்கே 0.3 வோல்ட் முள் எழும்பும். அதே முனையில், ஏடிசி பின்னை ஒட்டி, 10 நானோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றை வைத்தால் முள் 0.33 மில்லிவோல்ட்டாகும், 12 பிட் ஏடிசியின் அரைப் படிக்கும் கீழே. டிஜிட்டல் டிராக் புறப்படும் இடத்தில் 33 முதல் 100 ஓம் வரை ஒரு ரெசிஸ்டர் போட்டு ஏற்றத்தைச் சாய்த்தால் தாவுவது இன்னும் குறையும். இரண்டும் சில பைசா உறுப்புகள்.

பிளவுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் நான்கு வாதங்களுக்குப் பதில் தேவை. முதலாவது, ஆம்பியர் கணக்கில் தாழ் அதிர்வெண் மின்னோட்டம் ஓடும் போர்டில் தளத்தில் அது பரவத்தானே செய்யும் என்பது. பரவும். அதனால்தான் அந்த மின்னோட்டம் நுழையும் இடத்தையும் வெளியேறும் இடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அனலாக் பகுதியை அந்தப் பாதையிலிருந்து ஒதுக்க வேண்டும். பர்டன் ரெசிஸ்டரின் இரண்டு முனைகளையும் ஜோடி டிராக்கில் கொண்டுபோய் வித்தியாசத்தை அளக்க வேண்டும். ஒதுக்கவே முடியாத அபூர்வப் போர்டில், எந்த டிராக்கும் தாண்டாத குறுகிய வெட்டு ஒன்று நியாயமாகலாம். அது கணக்குப் போட்டு எடுக்கும் முடிவு, பழக்கத்தில் வருவது அல்ல. இரண்டாவது, நாலு அடுக்குப் போர்டு விலை கூடும் என்பது. இரண்டு அடுக்கிலேயே கீழ்ப்பக்கத்தை முழுவதும் கிரவுண்டுக்கு விட்டு, மேல்பக்கத்தில் டிராக்குகளை இழுத்து, தவிர்க்க முடியாத தாவல்களைக் குட்டையாக வைத்தால், பிளந்த நாலு அடுக்குப் போர்டைவிட அது நன்றாகவே நடந்துகொள்ளும். மூன்றாவது, 415 வோல்ட் பக்கத்தைப் பிரித்துத்தானே வைக்கிறோம் என்பது. அந்த இடைவெளி உயிர் காக்க வைப்பது. ரிலேயும் ஆப்டோகப்ளரும் டிரான்ஸ்ஃபார்மரும் தவிர வேறெதுவும் அதைத் தாண்டக் கூடாது, அதை ஒரு மில்லிமீட்டரும் குறைக்கக் கூடாது. பாதுகாப்புக்கான இடைவெளியை இரைச்சலுக்கான பிளவோடு குழப்புவது இரண்டையும் கெடுக்கும். நான்காவது, பிளந்தோம், வேலை செய்தது என்பது. வேலை செய்த போர்டுகளில் உறுப்புகள் பகுதி பிரித்து வைக்கப்பட்டு டிராக்குகள் ஒழுங்காகப் போயிருக்கும். வெற்றி அந்த ஒழுங்கினுடையது. பிளவின் மேல் ஆங்காங்கே செம்புப் பட்டையை ஈயம் வைத்து ஒட்டிவிட்டு மறுபடி அளந்தால் உண்மை தெரியும். இரைச்சல் கூடாமல் நின்றாலோ குறைந்தாலோ பிளவு அங்கே வீண்.

அப்படியானால் செய்ய வேண்டியவை வரிசையாக இவை. டிராக் ஒன்றை இழுப்பதற்கு முன் உறுப்புகளைப் பகுதி பிரித்து வைக்க வேண்டும்: சப்ளையும் சிம் மாட்யூலும் ரிலே ஓட்டியும் ஒரு மூலையில், மைக்ரோகண்ட்ரோலர் நடுவில், சி.டி. இணைப்பும் பர்டனும் எதிர் மூலையில். அடியில் கிரவுண்ட் தளம் ஓட்டையின்றி விரிய வேண்டும். வயாக்களை வரிசையாக நெருக்கி வைத்துத் தெரியாமலே பிளவு உண்டாக்கிவிடவும் கூடாது. அனலாக் டிராக்கைத் தளத்துக்கு நெருக்கமாக, குட்டையாக, தன் பகுதிக்குள்ளேயே முடிக்க வேண்டும். டிஜிட்டல் டிராக்கோடு இணையாக ஓடும் நீளத்தைக் குறைத்து, கடந்தே தீர வேண்டுமென்றால் இடையில் தளம் இருக்கும்படி, செங்குத்தாகக் கடக்க வேண்டும். ஒவ்வொரு சிப்பின் பவர் பின்னை ஒட்டியும் 100 நானோஃபாரட், மாட்யூலை ஒட்டிப் பெரிய கெபாசிட்டர், ஏடிசி பின்னை ஒட்டி வடிகட்டி. வெளியிலிருந்து வரும் சி.டி. ஒயர் 900 மெகாஹெர்ட்ஸுக்கு ஆன்டெனா. அது போர்டுக்குள் நுழையும் இடத்திலேயே சில பத்து பிகோஃபாரட் கெபாசிட்டரைத் தளத்துக்கு இறக்கி அதை நிறுத்த வேண்டும்.

இந்த வரிசையில் எங்கும் பிளவுக்கு இடம் வரவில்லை. தரமணியில் இருக்கும் சமீர் மையத்தின் மின்காந்தச் சோதனைக் கூடம் போன்ற இடத்துக்குப் போர்டைக் கொண்டுபோய்த் தோற்ற பிறகு பீட்டையும் தகரக் கூட்டையும் தேடுவதைவிட, இழுப்பதற்கு முன் காகிதத்தில் ஒவ்வொரு மின்னோட்டமும் எந்த வழியாகத் திரும்புகிறது என்று வரைந்து பார்ப்பது மலிவு. அந்தக் கோட்டை வரைய முடிந்தவருக்கு எங்கே வெட்ட வேண்டும் என்ற கேள்வியே எழாது. வரையாதவர் எத்தனை இடத்தில் வெட்டினாலும், மேல்சித்தாமூர்க் கொட்டகையில் ராத்திரி மோட்டார் ஓடுகிறதா என்று போனில் கேட்பவருக்குச் சரியான பதிலை அந்தப் போர்டு தராது.